கார் ஷெட்டின் இடது தூண்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லினன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். துணியறைக்கு இருபத்தாறு வருஷமாக அவள்தான் பொறுப்பு. எந்த வார்டில் எத்தனை படுக்கை விரிப்பு கிழிந்திருக்கிறது, எந்த நர்ஸ் தலையணை உறைகளைத் திருப்பி அனுப்பாமல் அலமாரியில் பதுக்கி வைத்திருக்கிறாள் என்பதையெல்லாம் நோட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். நான் அவளுக்கு அடுத்த மேசை. விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு பதினொரு வருஷம் எதிரெதிரே நின்றிருக்கிறோம். அவளுக்கு நடந்ததில் பாதியை அப்படி நின்றபடி அவளே சொன்னாள். மீதியை என் தங்கை வீட்டுக்காரர் சொன்னார். அவர் வெல்டர். ஷெட் போட அவரை அக்காவிடம் அனுப்பியதே நான்தான்.

அக்காவின் கணவர் முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்குப் பஸ்காரர் என்றுதான் பெயர். அத்தனை வருஷத்தில் ஒருவர் மேலும் வண்டி உரசியதில்லை என்று நிர்வாகம் கொடுத்த சான்றிதழ், சட்டம் போட்டு அவர்கள் வீட்டு ஹாலில் தொங்கும். வேலையிலிருந்து இறங்கிய மாதமே ஒரு சின்னக் கார் வாங்கினார். வெளிர் நீலம். காலை ஆறேமுக்காலுக்கு அக்காவை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவதுதான் அதன் முக்கிய வேலை. அவள் இறங்கிக் கதவைச் சாத்தி, கூரையில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்" என்றால்தான் கிளம்புவார். வாசல் காவலாளிக்கு அது தினசரி வேடிக்கை. அக்கா சிரிக்க மாட்டாள். அந்த ஒரு வேலைக்காகத்தான் மனுஷன் விடிகாலையில் எழுந்து சவரம் செய்துகொள்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவர் கண்ணில் கோளாறு ஆரம்பித்தது. கண்ணுக்குள் பிரஷர் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வருகிற நோய். அதில் உள்ள கொடுமை என்னவென்றால், நேர்ப்பார்வை கெடுவதற்கு ரொம்ப நாளாகும். பஸ்காரர் பேப்பரில் பொடி எழுத்து விளம்பரம்வரை படிப்பார். எதிர்வீட்டு மாடியில் காய்கிற சட்டையில் எத்தனை பொத்தான் போயிருக்கிறது என்று எண்ணிச் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் போய் உங்களுக்குப் பக்கவாட்டில் தெரியவில்லை என்றால் எப்படி நம்புவார்? கண் டாக்டர் ஒரு கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வந்த தாளில் ஓரமெல்லாம் கறுப்பு. இடப்பக்கம் ரொம்பவே அதிகம். இனி வண்டி ஓட்டக் கூடாது, சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பஸ்காரர் வெளியே வந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பிரிண்டர்ல மை கொட்டியிருக்கு" என்றார். மருந்துப் பாட்டில் பிரிட்ஜ் கதவிலேயே குடியிருந்தது. அக்கா ஞாபகப்படுத்தினால் ஒரு நாள் போடுவார், மூன்று நாள் விட்டுவிடுவார்.

அதன் பிறகு காரில் அக்காதான் அவருக்கு இடக்கண்ணாக இருந்தாள். நேரடியாக எச்சரித்தால் அவருக்குக் கோபம் வரும். "ஓட்டுறது நீயா நானா?" என்பார். அதனால் ஊர்க்கதை பேசுகிற மாதிரி பேசியே வழி காட்டக் கற்றுக்கொண்டாள். இடப்பக்கம் சைக்கிள் வந்தால், "அந்த சைக்கிள்காரர் சட்டை நல்லா இருக்கு, உங்களுக்கு அந்த நிறம் எடுப்பா இருக்கும்" என்பாள். யாராவது நடைபாதையிலிருந்து இறங்கினால், "அந்தம்மாவை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்பாள். அவர் திரும்பிப் பார்ப்பார், கால் தானாக பிரேக்குக்குப் போகும். இப்படி இரண்டு வருஷம் ஓடிற்று. தெருவில் போகிற முக்கால்வாசிப் பேரைத் தனக்குத் தெரியும் என்று மனுஷன் நம்பியிருப்பார் என்று அக்கா ஒருமுறை சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளை இறக்கிவிட்டபின் அவர் தனியாகத் திரும்ப வேண்டும். இருபது நிமிஷப் பாதை. வீட்டுக்குப் போய் போன் செய்வார். அந்தப் போன் வரும்வரை அக்கா எந்த விரிப்பையும் ஒழுங்காக மடித்ததில்லை. ஒரு நாள் ஒரு மணி நேரம் போன் வரவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், டயரில் காற்றுப் பிடிக்க நின்றதாக அவர் சொன்னார்.

காரின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி இரண்டு முறை உடைந்தது. பக்கத்து வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஒரு காலை அந்தம்மா கேட்டைத் திறந்து வெளியே வந்தபோது கார் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பஸ்காரரோ, படித்தவர்களே பாதையைப் பார்த்து நடக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று சாயங்காலம் அலுத்துக்கொண்டார். அவர் அந்தம்மாவைப் பார்க்கவே இல்லை என்பது அக்காவுக்கு அப்போது உறைத்தது. தப்பித்தது எப்படி என்று யோசித்து அவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அவள் சொல்லாமல் இல்லை. ஆறு தடவை உட்கார வைத்துப் பேசினாள். முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை சான்றிதழைக் காட்டினார். மூன்றாம் தடவை எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு சாவியை ஒளித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதையும் ஒளித்தாள், டூல்ஸ் டப்பாவிலிருந்து மூன்றாவது வந்தது. சாவி தொலைவது சகஜம், முன்கூட்டியே செய்து வைத்துவிட்டேன் என்றார். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "அப்பாகிட்ட நேரா சொல்லிடும்மா, இல்லைன்னா காரை வித்துடு" என்றாள். காரின் காகிதமெல்லாம் அவர் பேரில். நேராகச் சொல்வது போனில் இருப்பவர்களுக்கு எளிது.

இந்த நிலையில்தான் அக்காவுக்கு ஷெட் யோசனை வந்தது.

கார் வீட்டுக்குப் பக்கவாட்டில் திறந்த வெளியில் நிற்கும். வெயிலில் கூரைப் பெயின்ட் வெளிறிப்போயிருந்தது. இதற்கு ஒரு ஷெட் போட வேண்டும் என்று அவர் வாங்கின நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவள்தான் தள்ளிப்போட்டு வந்தாள். இப்போது அவளே பேச்செடுத்தாள். மூன்று பக்கமும் இரும்பு, முன்னால் ஷட்டர். ஷட்டருக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி அவளிடம் மட்டும். அவர் கேட்டால் ஷட்டர் ஸ்பிரிங் போய்விட்டது, பார்ட் வர வேண்டும் என்று வெல்டர் சொல்ல வேண்டும். இப்படியே மாதங்களைக் கடத்தினால் ஓட்டாமலே பழகிவிடுவார். இதுதான் அவள் கணக்கு. அவரிடம் சொன்னதோ, "வண்டி வீணாப் போகுதுங்க, ஒரு ஷெட் போட்டுடலாம்" என்பதை மட்டும்.

பஸ்காரருக்கு அன்றைக்கு வயசு குறைந்துபோயிற்று. காலண்டர் தாளின் பின்புறம் படம் வரைந்தார். பதினெட்டு அடி நீளம், பத்தடி அகலம். கதவு திறந்தால் சுவரில் இடிக்கக் கூடாது என்பதற்காகக் காரின் கதவை முழுக்கத் திறந்துவைத்து அளந்தார். கூரைக்கு எந்தப் பக்கம் சரிவு, மழைத்தண்ணீர் எங்கே விழ வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இரண்டு வருஷமாக அவள் பேச்சையே காதில் வாங்காதவர், இப்போது ஒவ்வொன்றுக்கும் "நீ என்ன சொல்றே?" என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

வெல்டர் வந்த முதல் நாளே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். வெல்டர் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனது பஸ்காரர் ஓட்டிய வண்டியில். மழை நாளில் நிறுத்தம் இல்லாத இடத்திலும் பிள்ளைகளுக்காக நிறுத்தியவர் என்று அவரை ஞாபகம் வைத்திருந்தார். "அண்ணே", "அண்ணி" என்றுதான் கூப்பிட்டார். நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டினார்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை பஸ்காரர் விடவில்லை. குழி தோண்டி கான்கிரீட் போட்டு, போல்ட்டுகளை நிறுத்தி, நாலு நாள் ஆறவிட்டார்கள். அந்த நாலு நாளும் அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு கான்கிரீட்டுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். பிறகு தூண்கள் எழுந்தன. தூக்குக்குண்டு கட்டி நேர் பார்த்தார்கள். துருப்பிடிக்காமல் இருக்கச் செந்நிறப் பெயின்ட் அடித்தார்கள். அவர் சட்டை, காது, மூக்கு நுனி எல்லாம் சிவப்பு.

தூண்கள் எழுந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, குறுக்குச் சட்டங்களை இரண்டு முக்காலிகள் மேல் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்காரர் டீ டம்ளர்களோடு வந்தார். நேராக வெல்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவர், இடப்பக்கம் இடுப்பளவில் நீட்டிக்கொண்டிருந்த சட்டத்தின் மேல் அப்படியே மோதினார். டீ கொட்டிற்று. "இதை எப்ப இங்க வச்சே?" என்றார். அது காலையிலிருந்து அங்கேதான் இருந்தது. வெல்டர் குனிந்து டம்ளர்களைப் பொறுக்கினார். அன்றைக்கு முழுக்க அவரைக் கவனித்தார். இடப்பக்கம் நின்று சுத்தியலை நீட்டினால் அவர் வாங்கவில்லை. கூப்பிட்டபின்தான் தலையைத் திருப்பி வாங்கினார்.

மறுநாள் பஸ்காரர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா வெல்டரிடம் இரண்டாவது பூட்டு விஷயத்தைச் சொன்னாள். ஸ்பிரிங் கதையையும் சொன்னாள். அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அண்ணி, பூட்டு நான் போடுறேன். எத்தனை வேணும்னாலும் போடுறேன். ஆனா அண்ணன் என்கிட்ட வந்து கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"ஒரு உயிர் போனா என்ன தம்பி பண்றது?"

"போகக் கூடாதுதான். அதுக்கு அவர்கிட்ட நீங்க சொல்லணும். ஷட்டர் மாட்டுற நாளுக்குள்ள சொல்லிருங்க. சொன்னப்புறம் நான் பூட்டுறேன், அவர் முன்னாடியே பூட்டுறேன்."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். இதை என்னிடம் சொன்னபோது, "உன் தங்கச்சிக்கு நல்ல புருஷன்தான் வாய்ச்சிருக்கான்" என்றாள் அக்கா. பாராட்டா, கோபமா என்று நான் கேட்கவில்லை.

ஷட்டர் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. தினமும் சொல்லிவிடுவது என்று எழுந்தாள். தினமும் அவர் ஏதாவது ஒன்றைக் காட்டக் கூப்பிட்டார். கூரைத் தகரம் ஏறிய அன்று, மழை பெய்தால் எப்படிச் சத்தம் வரும் என்று பார்க்க வாளியில் தண்ணீர் எடுத்து மேலே வீசினார். பின்சுவரில் சரியாக நடுவில் ஒரு சிவப்பு டேப் ஒட்டி, "இதைப் பார்த்து நேரா வந்தா போதும், ரெண்டு பக்கமும் இடம் சமமா இருக்கும்" என்றார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? ஒரு நாள் வாயெடுத்தாள். "ஏங்க, இந்த ஷெட்டு எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியும்" என்றார் அவர். அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "நீ ரொம்ப நாளா யோசிச்சிட்டுதான் இருந்திருக்கே. எனக்குப் பிடிச்சதைச் செய்யணும்னு" என்றார். அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

ஷட்டர் மாட்டிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. வெல்டர் ஷட்டரை நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒரே ஒரு பூட்டுதான் மாட்டியிருந்தார். மற்றது அவர் பையில் இருந்தது. அக்காவை ஒருமுறை பார்த்தார். அவள் தலையை அசைத்தாள், இன்னும் இல்லை என்று. பஸ்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். காரைத் தெருவரை பின்னால் எடுத்துச் சென்று, வளைத்து, முகப்பை ஷெட்டுக்கு நேராக நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் அக்கா வாசலின் இடது தூண் பக்கம் போனாள். ஷட்டரைச் சுற்றி வந்த அட்டைத் துண்டு ஒன்று அங்கே கிடந்தது, டயரில் மாட்டும் என்று அதை எடுக்கப் போனாள். எடுத்தும்விட்டாள். நிமிர்ந்தபோது கார் வர ஆரம்பித்திருந்தது. மெதுவாகத்தான் வந்தது, நடந்து வருகிற வேகம், ஆனால் இடது தூணை ஒட்டி. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. அவர் பின்சுவரில் இருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், மைல் கணக்கில் பாதையைப் பார்த்துப் பழகிய அதே பார்வை. இரண்டு எட்டு உள்ளே வைத்திருந்தால் போதும். "ஏங்க" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு காலையும் கொடுத்துவந்த சத்தம்தான்.

அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெல்டர் மறுபக்கம் இருந்தார். "அண்ணே, நிறுத்துங்க" என்று கத்தினார். கார் கண்ணாடி ஏற்றியிருந்தது. இடப்பக்கக் கண்ணாடிக்கும் தூணுக்கும் நடுவில் அக்காவின் இடது கை சிக்கியது. வண்டி இன்னும் ஒரு முழம் நகர்ந்துதான் நின்றது. எலும்பு முறிந்த சத்தம் தனக்குக் கேட்டது என்றார் வெல்டர். அவள் அலறவில்லை. தூணை ஒட்டியபடியே கீழே சரிந்து உட்கார்ந்தாள்.

பஸ்காரர் இறங்கிச் சுற்றி வந்தார். அவளைப் பார்த்தார். முகம் கோணவில்லை, ஒன்றுமே புரியாதது போல இருந்தது.

"நீ எங்கேயிருந்து வந்தே?" என்றார்.

"இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள் அக்கா.

அவர் தூணைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார். அப்படியே மண்ணில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கே வெல்டர் தன் வேனில் கொண்டுவந்து சேர்த்தார். அன்று எனக்கு டியூட்டி. அவசரப் பிரிவில் யாருக்கோ விரிப்பு வேண்டும் என்று கொண்டு போனேன், படுத்திருந்தது அக்கா. மேல்கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, இரண்டு விலா எலும்பில் விரிசல். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். கால் தடுக்கித் தூணில் மோதிவிட்டேன் என்றாள். டாக்டர் நம்பவில்லை, ஆனால் அப்படியே எழுதிக்கொண்டார். பஸ்காரர் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். வீட்டுக்குப் போங்கள் மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னபோது, எந்தப் பக்கம் வாசல் என்று கேட்டார். அந்த வாசலில் எத்தனை வருஷம் வந்து நின்றவர்.

கையில் பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் லீவு. வீட்டுக்கு வந்த அன்று அவர் சாவிகளை எடுத்து அவள் கட்டிலில் வைத்தார். மூன்று அல்ல, நாலு இருந்தன. நாலாவது எங்கே இருந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சமையலை அவர் எடுத்துக்கொண்டார். காய்களை எண்ணெயில் போட்டுவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார், பக்கத்து அடுப்பில் பால் பொங்கி வழியும். அவளுக்குத் தலை வாரிவிடத் தெரியாமல் பின்னலை இழுத்து இழுத்துக் கட்டுவார். பேச்சு மட்டும் இல்லை. மருந்து நேரத்துக்கு அவரே பிரிட்ஜைத் திறந்து, தலையை நிமிர்த்திக் கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, தானாகவே கண் டாக்டரிடம் போகலாம் என்றார். பேருந்தில் போனார்கள். கையில் கட்டோடு அக்காவும் போனாள். அந்தக் கிண்ண மெஷினில் இம்முறை ஒழுங்காக உட்கார்ந்தார். தாள் வந்ததும் டாக்டர் விளக்க ஆரம்பித்தார். பஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். தாளை மேசையில் விரித்து, "டாக்டர், ஒரு ஆள் கார் முன்னாடி இடப்பக்கம் தூண்கிட்ட நின்னா, இதுல எந்த இடம்?" என்று கேட்டார். டாக்டர் பேனாவால் கறுப்பின் நடுவே ஒரு புள்ளி வைத்தார். கறுப்பில் அந்தப் புள்ளி தெரியவில்லை. அவர் ரொம்ப நேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனது திரும்பாது, ஆனால் மருந்தை விடாமல் போட்டால் மீதியைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டினார்.

காரை ஒரு கல்லூரி ஆசிரியை வாங்கிக்கொண்டு போனாள். அன்று பஸ்காரர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். காகிதத்தில் கையெழுத்து மட்டும் போட்டார். ஷெட் காலியாக நின்றது. மோதின தூண் கொஞ்சம் வளைந்திருந்தது. அதை நிமிர்த்த வெல்டர் ஒரு நாள் வந்தார். வேலை முடித்துக் கைகழுவும்போது அக்காவிடம் மெல்லக் கேட்டார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். அங்க இருந்து நீங்க விலகியிருக்கலாமே. நேரம் இருந்துச்சே."

அக்கா துண்டை நீட்டினாள். "எனக்கே தெரியல தம்பி" என்றாள்.

அவர் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னிடம் வந்து சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிற்று. பூட்டைப் போட்டுத் தொலைத்திருக்கலாம், ஒரு பொய்தானே, சொல்லியிருக்கலாம் என்றார். என் தங்கை அவரைத் தேற்றினாள். அக்கா உண்மையிலேயே உறைந்துபோய் நின்றாளா, வேறு வழி இல்லை என்று நின்றாளா? வெறுமனே களைத்துப்போய்க்கூட நின்றிருக்கலாம். நினைவு சரியாக இருக்கிறவளுக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வேன்?

மூன்றாம் மாதக் கடைசியில் மகள் வந்தாள். அம்மாவின் கையைப் பார்த்து அழுதாள், பிறகு கோபப்பட்டாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் கோபம் வெல்டர் மேல் திரும்பிற்று. வேலை நடக்கிற இடத்தில் ஆளை நிற்கவிட்டது அவர் தப்பு, கவனக்குறைவு என்றெல்லாம் பேசினாள். பஸ்காரர் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அவரை எதுக்கு இழுக்கறே? உங்கம்மா அங்க நின்னுக்கிட்டிருந்தா. நான் பார்க்கல."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அக்கா முதல்முறையாகக் கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பழி முழுவதையும் அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"நான் நகர்ந்திருக்கலாம்" என்றாள்.

மகள், அம்மா வழக்கம்போல அப்பாவுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தலையை முழுக்கத் திருப்பி, இப்போது அவர் எதையும் பார்க்கிற விதத்தில், அக்காவை நேராகப் பார்த்தார்.

"நகர்ந்திருந்தா நான் இன்னிக்கும் ஓட்டிக்கிட்டிருப்பேன்" என்றார். பிறகு ரசம் கேட்டார்.

இதை அக்கா வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் என்னிடம் சொன்னாள். அவளுடைய இடது கை தோளுக்கு மேலே போவதில்லை. மேல்தட்டு எல்லாம் இப்போது என் பொறுப்பு. விரிப்பை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்து மடிக்கிறோம், கொஞ்சம் மெதுவாக. காலையில் அவர் அவளோடு நிறுத்தம்வரை நடந்து வந்து பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறாராம். சாலையைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாராம். அது அவளுக்காகவா, தனக்காகவா என்று கேட்டால் முறைக்கிறாராம். ஷெட்டில் பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியை தன் பழைய புத்தகப் பெட்டிகளை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

"அவர் அன்னிக்குச் சொன்னது நன்றி சொல்ற மாதிரியா, குத்திக்காட்டுற மாதிரியா?" என்று அக்கா என்னைக் கேட்டாள். "குரலை வச்சுப் பார்த்தேன், முகத்தை வச்சுப் பார்த்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தும் பிடிபடல."

"அவர்கிட்டயே கேட்டுடலாமேக்கா" என்றேன்.

"கேக்கலாம்" என்றாள். வண்டியிலிருந்து அடுத்த விரிப்பை உருவி ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள்.